மலையிலிருந்து வந்த மூக்கு

"அம்மா, மீனுக்கு மீன் வாசனை தெரியுமா?"

பெர்மினுக்கு அப்போது ஆறு வயது. மீன்பிடி ஊரான சிம்போத்தேயின் துறையில், வலை காயப்போடும் சுவரின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கேட்டான். அவன் அம்மா கசில்தா அப்போது போலீஸ் வேலையில் இருந்தாள். அவசரத்தில் இருந்தாள். "போய் மீன்கிட்டயே கேளு" என்று சிரித்துவிட்டு நடந்தாள்.

மழையே பெய்யாத அந்த ஊரில் ஒரு வருடம் மழை பெய்தது. மழைக்குப் பின்னால் கொசு வந்தது, கொசுவுக்குப் பின்னால் காய்ச்சல் வந்தது. பெர்மின் போய்விட்டான். கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு கசில்தா போலீஸ் வேலையை விட்டாள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். அழுகை வருவதில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று நாக்குக்குத் தெரிவதில்லை. தினமும் ஜெபமாலை சொல்கிறாள். வாய் சொல்கிறது, விரல் மணியை நகர்த்துகிறது. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பவர்கள் ஊர் போய்ச் சேராமலா இருக்கிறார்கள்? அப்படித்தான் அவளும் நாட்களைக் கடந்துகொண்டிருந்தாள்.

அந்த ஜூன் மாதத்துக் காலையில், சாம்பல் நிற மூடுபனிக்கு நடுவில், அவளுடைய உதவியாளன் வில்மெர் தன் மோட்டோ வண்டியை 'மூன்று மிதவை' கம்பெனி வாசலில் நிறுத்தினான். வில்மெருக்கு நாற்பது வயது. வண்டிக்கு மூன்று சக்கரம், வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

"அக்கா, இங்க நெத்திலியப் புழிஞ்சு, எண்ணெயெடுத்து, முத்து முத்தா மாத்திரையாக்கி, மலையில ஓடற ஆளுங்களுக்கு விக்கறாங்க. கடல்ல நீந்தற மீனு மலையேறிப் போய் ஓடுது. நம்மாளு ஒருத்தனாவது வாங்கித் திங்கறானா?"

"உனக்கு ஒண்ணு வாங்கித் தரட்டா? நெஞ்சுக்கு நல்லதாம்."

"என் நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. தொப்பைக்கு எதாவது இருந்தா சொல்லுங்க."

முதலாளி பல்த்தசார் அவர்களை நிற்க வைத்தே பேசினார். மேஜைமேல் ஒரு மாத்திரைப் புட்டி இருந்தது. சீட்டில் 'ஒமேகா மூன்று' என்று எழுதி, ஓடுகிற ஒரு பெண்ணின் படம் போட்டிருந்தது.

"மலையில இருக்கற வாங்காயோ ஓட்டக்காரங்க சங்கம். நம்ம பெரிய வாடிக்கை. பயிற்சி முடிஞ்சதும் ஆளுக்கு ரெண்டு முத்து, மூட்டுக்கும் நெஞ்சுக்கும். போன ஞாயித்துக்கிழமை தகுதி ஓட்டம். பாதிப் பேரு வயித்தப் பிடிச்சிட்டு ரோட்டு ஓரத்துல உக்காந்துட்டாங்க. இந்தப் புட்டியத் தொறந்தாலே கொமட்டுதாம்."

"எண்ணெய் கெட்டுப்போச்சா?"

"நான் மோந்து பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. ஆனா அத்தனை பேரு வயிறும் சேர்ந்து பொய் சொல்லுமா? மார்செலினா செஞ்ச வேலை. கெட்ட எண்ணெய நல்ல எண்ணெய்னு சொல்லி முத்திரை வச்சிருக்கா. எண்ணெய் விக்கறவன் அவளுக்கு எதோ கவனிச்சிருக்கான். வெள்ளிக்கிழமை சங்கத்து ஆளுங்க வராங்க. அதுக்குள்ள அவ வாயால வரணும்."

மார்செலினா போமா அந்தக் கம்பெனியின் மூக்கு. சிம்போத்தேயில் பிறந்தவனுக்கு மீன் நாற்றம் தெரியாது. ஊரைச் சுற்றி மீன்மாவு ஆலைகள், புகைபோக்கிகள் ஓய்வதில்லை. வெளியூர்க்காரன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினால், உள்ளூர்க்காரன் "எதுக்கு?" என்று கேட்பான். அதனால் எண்ணெய் வாங்கும்போது மோந்து பார்த்துச் சொல்ல, மலையிலிருந்துதான் ஆளைக் கொண்டுவருவார்கள். ரெண்டு வருடத்துக்கு ஒரு மூக்கு. அதற்குமேல் இருந்தால் அதுவும் ஊரோடு சேர்ந்துவிடும். காற்று திரும்பி வீசும் பக்கம், ஊருக்கு வெளியே அறை கொடுப்பார்கள். வெங்காயம் கூடாது, வாசனை சோப்பு கூடாது.

"எண்ணெய் வந்த அன்னிக்கு ஒரு குப்பியில கொஞ்சம் எடுத்து, அரக்கு வச்சு, அலமாரியில வைப்போம்" என்றார் பல்த்தசார். "அதையும் தொறந்தாச்சு. குப்பியும் மாத்திரையும் ஒரே வாசனை. என் ஆளும் சொன்னான், நானும் பாத்தேன். அப்ப, வந்த அன்னிக்கே கெட்டதுதானே? அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

கசில்தா புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலையிலேர்ந்து மூக்கு வரவழைக்கறீங்க சார். இந்த ரெண்டையும் மட்டும் யார் மூக்குல காட்டுனீங்க?"

பல்த்தசார் புட்டியை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினார்.

"சோதனைக்கு லிமாவுக்கு அனுப்பினா ரெண்டு வாரம் ஆகும்" என்று வேறெங்கோ பார்த்துச் சொன்னார்.

"மார்செலினாகிட்ட காட்டலையா?"

"காட்டினோம். வேற வேறன்னா. சொல்லத்தானே செய்வா?"

* * *

பக்கத்து அறையில் மார்செலினா கையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஒரு பருத்தித் துணி. வீதியில் நடக்கும்போது மூக்கில் கட்டிக்கொள்வதற்கு.

"முத்திரை வச்ச அன்னிக்கு வெள்ளரிக்கா வாசனை அடிச்சுது மேடம். அப்பதான் நறுக்கின வெள்ளரிக்கா. நல்ல நெத்திலி எண்ணெய்னா அப்படித்தான் இருக்கும். மாத்திரையில வேற. பழைய பெயிண்ட் டப்பாவத் தொறந்த மாதிரி."

"யாராவது உங்களைப் பாக்க வந்தாங்களா? எதாவது குடுத்தாங்களா?"

"ரூத் என் தங்கச்சி" என்றாள் அவள். கேட்டது வேறு, வந்த பதில் வேறு. "அந்தச் சங்கத்துல ஓடறா. அவளுக்கு நாந்தான் இந்த மாத்திரைய வாங்கச் சொன்னேன், நானே மோந்து பாத்த எண்ணெய்டி, பயப்படாமத் தின்னுன்னு. பதினோராவது கிலோமீட்டர்ல விழுந்துட்டா. இப்ப போன எடுக்க மாட்டேங்கறா. எங்கம்மா எடுத்தாங்க. 'கூடப் பொறந்தவளுக்கே வெஷம் வச்சவ இங்க வராத'ன்னாங்க."

சொல்லிவிட்டு மறுபடியும் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. கசில்தாவுக்கு அந்த உட்காரல் தெரியும். அவளே அப்படி எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறாள்.

வெளியே வந்ததும் வில்மெர், பல்த்தசாரிடம் வாங்கிவந்த குப்பியை மூக்கருகே கொண்டுபோனான். பிறகு ஒரு மாத்திரையை நசுக்கி மோந்தான்.

"எப்படிடா?"

"ரெண்டும் எங்க மாமியார் சட்டி மாதிரி இருக்கு. மாமியாரச் சொல்லல, சட்டியச் சொன்னேன்."

கசில்தாவும் மோந்தாள். எதுவுமே இல்லை. தண்ணீரை மோந்த மாதிரி.

"நமக்கு மூக்கு வேணும் வில்மெர்."

"எங்க போய் வாங்கறது? சந்தையில பன்னி மூக்குதான் இருக்கு."

"வராஸ் பஸ்ஸு எத்தனை மணிக்கு வருது?"

* * *

மலையூரான வராஸிலிருந்து வந்த பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. கதவு திறந்ததும் இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்தார்கள். கசில்தாவுக்கு வேண்டிய மூக்குகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன.

வில்மெர் ஒரு தட்டில், வலது பக்கம் குப்பி எண்ணெயும் இடது பக்கம் நசுக்கிய மாத்திரையுமாக இரண்டு ஸ்பூன் வைத்துக்கொண்டு, ஆள் பிடிக்கிற குரலில் கூவினான். "வாங்கய்யா, வாங்கம்மா! குடிக்க வேணாம், திங்க வேணாம், மோந்தா போதும்! மூக்கு இருக்கறவங்க எல்லாம் வரலாம்!"

முதலில் ஒரு சிப்பாய் வந்தான். வலது ஸ்பூனை மோந்து தோளைக் குலுக்கினான். இடது ஸ்பூனை மோந்ததும் பின்னால் நகர்ந்து அடுத்தவர் காலை மிதித்தான். "என்னய்யா இது, செத்த எலியா?" ஒரு மாணவி இடது ஸ்பூனை எட்டத்திலிருந்தே வேண்டாம் என்று தள்ளினாள். உருளைக்கிழங்கு மூட்டையோடு இறங்கிய ஓர் அம்மாள் மூட்டையை இறக்கிவைத்து, நிதானமாக வலது ஸ்பூனை மோந்தாள்.

"எங்க தோட்டத்துல வெள்ளரிக்கா நறுக்கினா இப்படித்தான் இருக்கும்" என்றாள். "மீனுன்னா சொல்றீங்க? நம்ப முடியலையே."

கசில்தா மெதுவாக நிமிர்ந்தாள். அந்த அம்மாளிடம் யாரும் வெள்ளரிக்காய் என்ற சொல்லைச் சொல்லவில்லை.

"இடது பக்கத்தையும் பாருங்கம்மா."

அம்மாள் மோந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். "இதத் தின்ன கொழந்தைங்க யாரு?" என்று கேட்டாள். கசில்தா அவள் மூட்டையைத் தூக்கி வில்மெரின் வண்டியில் வைத்தாள்.

கடைசியாக இறங்கிய தடித்த பெண்மணி, "என்ன விக்கறீங்க?" என்று அதட்டிக்கொண்டே இரண்டையும் மோந்தாள். "ரெண்டும் ஒண்ணுதானே? இதுக்கு எதுக்கு ரெண்டு ஸ்பூனு?"

"எந்த ஊரு அக்கா?" என்றான் வில்மெர்.

"இந்த ஊருதான். மக வீட்டுக்குப் போயிட்டு வரேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. மூக்க வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டீங்க போல."

அவள் கைப்பையை ஓங்கினாள். வில்மெர் தட்டோடு ஓடினான்.

மூட்டைக்கார அம்மாளை அவள் அண்ணன் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கசில்தா சொன்னாள், "குப்பி நல்ல எண்ணெய். மாத்திரை கெட்ட எண்ணெய். அப்ப அந்தப் பொண்ணு முத்திரை வச்ச அன்னிக்கு எண்ணெய் நல்லாத்தான் இருந்திருக்கு. முத்திரைக்குப் பின்னாடி எண்ணெய்ப் பீப்பாயில யாரோ கை வச்சிருக்காங்க."

"முதலாளியா இருக்கும் அக்கா. பாத்தீங்களா, சட்டைப் பித்தான் எல்லாம் தங்கக் கலரு."

"பித்தானுக்காக ஆளப் பிடிக்க முடியாதுடா. கிடங்கப் பாப்போம்."

* * *

கிடங்கு குளிர்ந்து கிடந்தது. நீலப் பீப்பாய்கள் ஒரு பக்கம். மறு பக்கம், சால்மன் மீன்பண்ணைத் தீவனத்துக்காக ஒதுக்கிய பழைய எண்ணெய்த் தொட்டி. பீப்பாய்களுக்கு மேலே, கைக்கு எட்டும் தட்டில், மஞ்சள் நிறத்தில் பெரிய தகர டப்பா ஒன்று. கசில்தா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எலுமிச்சை வாசனைச் சாறு" என்றார் பல்த்தசார். "கொழந்தைங்களுக்கான மாத்திரையில போடுவோம். ரெண்டு சொட்டு விட்டாப் போதும், எதுவா இருந்தாலும் அமுக்கிடும்."

"கெட்ட எண்ணெயக் கூடவா?"

"சவத்தையே அமுக்கும்."

டப்பாவின் மூடியில் கடைக்காரன் ஒட்டிய தாள் பிரியாமல் இருந்தது. கசில்தா அதை விரலால் தடவினாள்.

"ஒருத்தன் நாறுற எண்ணெய நல்ல எண்ணெயில கலக்கறான். மறைக்கறதுக்கு மருந்து தலைக்கு மேலயே இருக்கு. அவன் ஏன் தொடல?"

"மறந்திருப்பான்" என்றான் வில்மெர்.

"திருடன் பூட்ட மறப்பான், நாத்தத்த மறப்பானா? நாறுதுன்னு தெரிஞ்சவனா இருந்தா இந்த டப்பா பாதியா இருக்கணும். இவனுக்கு அது நாறுதுன்னே தெரியல. ஏமாத்தணும்னு செஞ்சவன் இல்ல சார். உள்ளூர்க்காரன். நல்ல எண்ணெய்னு நம்பிக் கலந்திருக்கான். மீன்பிடித் தடை இருந்தப்ப ஆலைய மூடியிருந்தீங்களே, கிடங்குச் சாவி யார்கிட்ட?"

பல்த்தசார் முகம் சுருங்கியது. "கிடங்கப் பாத்துக்கற நிக்கனோர்கிட்டதான். ஆனா மேடம், அந்தாளா? ஈ செத்தாக்கூட பாவமன்னிப்புக் கேக்கப் போவாரு. கோயில்ல வாரா வாரம் விளக்குத் தொடைக்கறது அவருதான்."

"வீடு எங்க?"

* * *

நிக்கனோர் கிழவர் துறைக்குப் பின்னால், சரிவில் ஒற்றை அறை வீட்டில் இருந்தார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. சான் பெத்ரோ திருவிழா நெருங்கியிருந்தது. மீனவர்களின் புனிதரைப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோகும் நாள். படகுக்குக் கட்டுவதற்காகக் காகிதப் பூக்கள் செய்துகொண்டிருந்தார். தரை முழுக்க மஞ்சளும் சிவப்பும்.

"வாங்கம்மா" என்றார். கசில்தாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவசரமாகப் பூக்களை ஒதுக்கி நாற்காலி போட்டார்.

வில்மெர் ஒரு பூவைக் காதில் செருகிக்கொண்டு வாசலில் சாய்ந்தான்.

கசில்தா உட்காரவில்லை. அடுப்புக்கு மேலே பலகையில் எனாமல் பாத்திரங்கள் இருந்தன. ஒவ்வொரு மூடியிலும் பிடி உடைந்துபோயிருந்தது. உடைந்த இடத்தில், வலையில் கட்டுகிற தக்கை மிதவையைக் கம்பி சுற்றிப் பொருத்தியிருந்தார். எல்லா மூடியிலும் அதே தக்கை. அதே இரட்டைச் சுற்று.

அவள் வீட்டுப் பலகையிலும் ஒரு பாத்திரம் இருந்தது. நீல எனாமல். மூடியில் தக்கை. இரட்டைச் சுற்று.

பெர்மினைப் புதைத்த பிறகு வந்த நாட்களில், விடியும்போது அவள் வாசற்படியில் அந்தப் பாத்திரம் இருக்கும். உள்ளே மீன்தலைச் சாறு, எலுமிச்சையும் வெங்காயத் தாளும் மிதக்கும். யார் வைத்தது என்று தெரியாது. அவள் குடிப்பாள். ருசி தெரியாது, ஆனால் குடிப்பாள். காலிப் பாத்திரத்தைப் படியில் வைப்பாள், மறுநாள் நிறைந்திருக்கும். ஒரு நாள் பாத்திரத்தை உள்ளேயே மறந்துவிட்டாள். வேறொன்றில் வந்தது. பிறகு அவள் எழுந்து சந்தைக்குப் போகத் தொடங்கியதும், நின்றுவிட்டது.

"அக்கா?" என்றான் வில்மெர்.

கசில்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து குப்பியையும் மாத்திரையையும் எடுத்தாள். அவள் கை தன் வேலையைச் செய்தது.

"நிக்கனோர் அண்ணே, இந்த ரெண்டையும் மோந்து பாருங்க."

கிழவர் மோந்தார். மறுபடி மோந்தார். "ரெண்டும் ஒண்ணுதான். நல்ல எண்ணெய்."

"ஒண்ணு கெட்டது."

"இல்லம்மா, எது…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். காகிதப் பூவின் கம்பியை விரலில் சுற்றினார். அவிழ்த்தார்.

"தடைக் காலத்துல" என்றார். "பீப்பாய நகத்தினேன். கொழாய் உடைஞ்சு பாதி எண்ணெய் தரையில போச்சு. முதலாளிக்கு என்ன சொல்றதுன்னு பயம். பக்கத்துத் தொட்டியில அவ்வளவு எண்ணெய் சும்மா கெடக்கு. மோந்து பாத்தேன். இங்க உக்காந்து சொல்றேன், சான் பெத்ரோ சாட்சி, ஒரே வாசனைதான். அதே மீனு, அதே கடலு. ஊத்தி நெரப்பிட்டேன்."

"அந்தப் பொண்ணு மேல பழி வந்தப்ப?"

"அவ லஞ்சம் வாங்கினதா சொன்னாங்க. நான் ஊத்தினதாலதான்னு எனக்குத் தோணல. எண்ணெய் நல்லாத்தானே இருந்துச்சு? மலைக்காரங்க சும்மா சொல்றாங்கன்னு நெனச்சேன். அப்புறம்…" அவர் தலையைக் குனிந்தார். "அப்புறம் ராத்திரியில தோணும். காலையில இல்லன்னு சொல்லிக்குவேன்."

"மோந்து பாத்தும் தெரியலையா பெரியவரே?" என்றான் வில்மெர். அவன் குரலில் கேலி இல்லை; அவனுக்கும்தான் தெரியவில்லையே.

கிழவர் வாசல் பக்கம், துறை தெரியும் பக்கம் பார்த்தார்.

"துறையில ஒரு பையன் வருவான். சுவத்து மேல உக்காந்துக்கிட்டு எதையாவது கேட்டுட்டே இருப்பான். தாத்தா, மீனுக்கு மீன் வாசனை தெரியுமான்னு ஒரு தடவ கேட்டான். நான் சிரிச்சேன்." அவர் கசில்தாவைப் பார்க்கவில்லை. "இப்ப அந்தக் கேள்விக்குப் பதில் தெரியுது. சொல்லத்தான் ஆளில்ல."

வெளியே எங்கோ ஒரு படகின் சங்கு ஊதியது. கசில்தாவின் கண் வறண்டே இருந்தது. பெர்மின் தன்னிடம் மட்டும்தான் கேட்டான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். பதில் கிடைக்காமல் போனபோது, இன்னொரு வாசலில் போய்க் கேட்டிருக்கிறான்.

அவள் இப்போது எழுந்து போய்விடலாம். 'யாரென்று தெரியவில்லை' என்று பல்த்தசாரிடம் சொல்லலாம். எண்ணெய் விற்றவன் மேல் சந்தேகம் என்று சொன்னால் அவர் நம்புவார். ஆனால் யார் செய்தது என்று தெரியாதவரை மலையில் ஒரு தாய் தன் மகளை நம்பப்போவதில்லை.

"அண்ணே" என்றாள். "நான் போய்ச் சொல்லணும்."

"நீங்க எதுக்கும்மா?" கிழவர் எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். "நானே வரேன். அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லிடறேன்."

* * *

சொன்னார். பல்த்தசாரின் அறையில், மார்செலினாவுக்கு முன்னால் நின்றுகொண்டே, தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்து, கிடங்குச் சாவியை மேஜைமேல் வைத்தார். பல்த்தசார் கத்துவதற்காக மூச்சை இழுத்தார். ஆனால் தானும் அதே மூக்கால் அதே எண்ணெயை மோந்து, அதே தப்பான பதிலைச் சொன்னது நினைவுக்கு வந்ததோ என்னவோ, இழுத்த மூச்சை மெதுவாக விட்டார்.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம் நிக்கனோர்" என்று மட்டும் சொன்னார்.

"சரிங்க."

மார்செலினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் பெரியவரே" என்றாள். "மோந்து பாக்கச் சொல்லியிருக்கலாம். அதுக்குத்தானே இங்க உக்காந்திருக்கேன்?"

"ஆமாம்மா" என்றார் கிழவர். "கேக்கத் தோணல. எனக்கே தெரியும்னு நெனச்சிட்டேன்."

பல்த்தசாரை விட்டே வாங்காயோவில் ரூத் வீட்டுக்குப் போன் போடவைத்தாள் கசில்தா. முதலாளியின் எண் என்பதால் எடுத்தார்கள். அவர் நடந்ததைச் சொன்னார், மன்னிப்பும் கேட்டார், பிறகு போனை மார்செலினாவிடம் நீட்டினார். அந்தப் பக்கம் ரூத்தின் குரல் கேட்டது.

"அக்கா… சாப்ட்டியா?"

"இன்னும் இல்லடி" என்றாள் மார்செலினா. அவ்வளவுதான் பேசினார்கள். ஆனால் மடியில் மடங்கியே இருந்த அவள் கை அப்போதுதான் விரிந்தது.

திரும்பும் வழியில் வில்மெர் வெகுநேரம் பேசாமல் ஓட்டினான். அவனுக்கு அது உடம்புக்கு ஆகாத காரியம்.

"அக்கா, அந்தாளு வீட்டுல மூடியையே பாத்துட்டு நின்னீங்களே. அதுல என்ன துப்பு?"

"ஒண்ணுமில்லடா. அழகா கட்டியிருந்தாரு."

"நீங்க அழகு பாத்து நான் பாத்ததே இல்லையே?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

* * *

மறுநாள் அவள் விடிவதற்கு முன்பே சந்தைக்குப் போனாள். மீன்தலை வாங்கினாள். எலுமிச்சை, வெங்காயத் தாள், ஒரு கட்டு கொத்தமல்லி. பலகையிலிருந்து நீலப் பாத்திரத்தை இறக்கிக் கழுவினாள். தக்கைக்குள் ஒட்டியிருந்த தூசியை ஊசியால் எடுத்தாள்.

சாறு கொதித்தது. உப்புப் போட்டாள். சரியா என்று பார்க்க ஒரு ஸ்பூன் குடித்தாள், ஒன்றும் தெரியவில்லை. யாரையும் எழுப்பிக் கேட்க முடியாது. கையளவை நம்பி இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள். நிக்கனோருக்கும் அன்றைக்கு அவள் நாக்கைப் பற்றித் தெரியாதுதானே? தெரியாமல்தான் தினமும் வைத்தார்.

சரிவில் மூடுபனி இறங்கியிருந்தது. ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நிக்கனோர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. படியில் காகிதப் பூவின் சிவப்புத் துண்டு ஒன்று ஒட்டிக்கிடந்தது. கசில்தா அதை எடுத்து ஓரமாக வைத்தாள். பாத்திரத்தைப் படியில் வைத்து, காற்றுக்கு மூடி நகராமல் இருக்க ஒரு கல்லை அண்டக்கொடுத்தாள்.

கதவைத் தட்டவில்லை.

திருப்பத்தை அடைந்தபோது பின்னால் தாழ்ப்பாள் விலகுவது கேட்டது. கல்லை நகர்த்தும் சத்தம். மூடி திறக்கும் சத்தம்.

அவள் நடையை வேகமாக்கினாள். நாளைக்கும் மீன்தலை வாங்க வேண்டும். காலிப் பாத்திரம் படிக்கு வந்துவிடும். அது எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"தெரியாதுடா கண்ணு" என்று மூடுபனியிடம் மெதுவாகச் சொன்னாள். "மீனுக்குத் தெரியாது."